ஊரில் சம்பா போட்டாச்சா? பயிர்க் காப்பீட்டை இங்கிருந்தே சரிபாருங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்துத் தம்பிகள் இங்கே சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பும் காசுதான் பல வீடுகளில் விதையும் உரமும். வெள்ளம் வந்து பயிர் போன பிறகு, “காப்பீடு போட்டோமே, ஒண்ணும் வரலையே” என்று தேக்காவில் புலம்புகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன். முக்கால்வாசி, பதியும்போதே நடந்த கோளாறு.

2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் 540. மீதியை அரசுகள் போடுகின்றன.

முதல் சிக்கல் பட்டா. தாத்தா இறந்து வருஷக்கணக்காகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். அல்லது நிலம் உங்கள் பெயரில், உழுவது அப்பா, பாஸ்புக் அண்ணனுடையது. பெயர்கள் இப்படிப் பிரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) பயிர் விவரச் சான்றான அடங்கலுக்கு நடக்கிற நடையிலேயே காப்பீடு பதியும் கடைசித் தேதி தாண்டிவிடும். டெல்டா சம்பாவுக்கு அது பெரும்பாலும் நவம்பர் நடுவில். நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். நில உரிமை விவரம் உள்ள சிட்டாவைத் தமிழக அரசின் இணையதளத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். புல எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் காப்பீட்டு ரசீதோடு ஒப்பிடுங்கள். ஓர் எண் தப்பினாலும் அது வேறொருவர் வயல். பொதுச் சேவை மையத்தில் பதிந்தால் விண்ணப்ப எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால், வேண்டாமென்று எழுதிக் கொடுக்காதவரை பிரீமியத்தை அவர்களே பிடிக்க வேண்டும். பிடித்தார்களா, எந்தப் பயிருக்கு என்று கேளுங்கள். சங்கமோ வங்கியோ தப்பாகப் பதிந்ததால் இழப்பீடு போனால் பொறுப்பு அவர்களுடையது. கவுன்டரில் இதை யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

பலரை வயிறெரிய வைப்பது இன்னொன்று. இழப்பீட்டைப் பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்துத் தருவதில்லை. கிராமத்தில் சில வயல்களில் சோதனை அறுவடை செய்து, சராசரி மகசூல் குறைந்தால்தான் பணம். உங்கள் வயலில் மகசூல் அடிபட்டும் ஊர்ச் சராசரி நன்றாயிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. சோதனை அறுவடை என்றைக்கு என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டு, வீட்டில் ஒருவர் அங்கே போய் நிற்கட்டும்.

அறுத்துக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால் தனி வயலுக்கே கேட்கலாம். அதற்கு 72 மணி நேரத்துக்குள் 14447க்குச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து போன் வந்தால் ஆறுதலை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் படம் எடுத்து, புகார் எண் வாங்கச் சொல்லுங்கள்.