டொம் அண்ட் ஜெரி பார்த்து நாங்கள் கெட்டா போனோம்?

“நாங்களும் அதைப் பார்த்துத்தானே மிஸ் வளர்ந்தம், கெட்டா போனம்?” மட்டக்களப்பில் பிள்ளைகளின் பேச்சு, மொழி வளர்ச்சிக்கான சிகிச்சையில் இருக்கும் நான், கார்ட்டூன் பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி கேட்கும் பதில் இது. இப்போதைய யூரியூப் வீடியோக்களுக்குப் பயந்து, தாங்கள் பார்த்த பழையவற்றைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொடுக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். அந்த அக்கறை நல்லது. ஆனால் பழையது என்பதற்காகவே ஒன்றை நம்பிவிட முடியாது.

டொம் அண்ட் ஜெரி 1940இல் தொடங்கியது. திரையரங்குகளில், பெரியவர்களும் சேர்ந்திருந்து பார்ப்பதற்காக எடுத்த குறும்படங்கள் அவை. மூன்று வயதுப் பிள்ளையை மனதில் வைத்து எடுத்தவையல்ல. பூனையின் தலையில் சட்டியால் அடித்தால் புடைப்பு எழும், அடுத்த காட்சியில் மறைந்துவிடும். நமக்கு அது பகிடி. மூன்று, நாலு வயதில் அப்படிப் பிரித்துப் பார்க்கிற பக்குவம் முழுதாக வந்திராது. என்னிடம் வந்த ஒரு சிறுவன் தங்கச்சியின் தலையில் அகப்பையால் அடித்துவிட்டு, அவள் வீரிட்டு அழுததும் திகைத்து நின்றிருக்கிறான். அவனுக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. தலை பழையபடி ஆகிவிடும் என்றே நினைத்திருந்தான். பிறகு தாயிடம் வாங்கிய அடி எதற்கென்றும் அவனுக்கு விளங்கவில்லை. உளவியலாளர் அல்பர்ட் பண்டூரா 1963இல் வெளியிட்ட ஆய்விலும், பொம்மையை அடிக்கும் காட்சியைக் கார்ட்டூன் பாணியில் பார்த்த முன்பள்ளிப் பிள்ளைகள், பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக முரட்டுத்தனம் காட்டினார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்தப் படங்களில் வெடி வெடித்ததும் முகம் கரியாகி, உதடு தடித்து, கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் உருவமாக மாறும் காட்சிகள் உண்டு. வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண்ணையும் கேலிப்பொருளாகவே வரைந்திருக்கிறார்கள். 2014இல் அமேசான் இதற்காக எச்சரிக்கைக் குறிப்பொன்றைச் சேர்த்தது. அது அமெரிக்காவின் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். முன்பள்ளிப் பிள்ளையையே ‘கறுப்பி’ என்று கூப்பிட்டு அழவைக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க ரீவி நிகழ்ச்சியின் கதை வேறு. 1969இல், சின்னப் பிள்ளைகளின் கல்விக்கென்றே ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய நிகழ்ச்சி அது. அதன் ஆரம்பகாலப் பகுதிகளைப் பின்னாளில் டிவிடியாக வெளியிட்டபோது, இவை பெரியவர்களுக்கானவை, இன்றைய முன்பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம் என்று அறிவித்தார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகவே படுகிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து கதைத்துக்கொண்டு பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பக்கத்திலிருக்கும் ஆள்தான் இன்று இல்லை. நாங்கள் பார்த்த காலத்தில் வீட்டுக்கு ஒரு ரீவி, கார்ட்டூனுக்கு ஒரு நேரம். முடிந்தால் முற்றத்துக்கு ஓடிவிடுவோம். இப்போது அதே கார்ட்டூன் போனில் ஒன்று முடிய ஒன்றாகத் தானாகவே ஓடுகிறது, பிள்ளை தனியே பார்க்கிறது. வேகமும் கவனிக்க வேண்டியது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த நாலு வயதுப் பிள்ளைகள், படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளைவிட, உடனே வைத்த கவன, சுயகட்டுப்பாட்டுச் சோதனைகளில் பின்தங்கினார்கள். அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆகவே பீதி வேண்டாம். ஆனால் சாப்பாடு தீத்தும்போதும் நித்திரைக்கு முன்னும் அதைப் போடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் டொம் அண்ட் ஜெரி வந்தால், அம்மம்மாவோ மூத்தம்மாவோ பக்கத்தில் இருந்து, “பூனைக்கு நோகும்தானே மனே?” என்று கேட்கட்டும். பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டு நீங்களே சொல்லிவிடாதீர்கள். இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளை என்றால், எந்தக் கார்ட்டூன் என்று யோசித்துக்கொண்டிராமல், கிளினிக் நாளில் உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.