ஃப்ளைஓவர் கேட்பதற்கு முன்னால்

போன மாதம் தமிழ்ச் சங்கத் தம்பி ஒருவர் போன் பண்ணினார். "அண்ணா, வெள்ளி விழா வருது. தமிழ்த்தாய் வாழ்த்து முடியுற நேரத்துல ரெண்டு ஜெட் தலைக்கு மேல போனா எப்படி இருக்கும்? ஒரு ஃப்ளைஓவர் ஏற்பாடு பண்ணித் தாங்களேன்." பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்: "மேம்பாலமா? எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. ஊரில் ஃப்ளைஓவர் என்றால் ஜெமினி பாலம்தான். நாங்கள் இருக்கும் அமெரிக்காவிலோ, விழாத் திடலுக்கு மேலே ராணுவ விமானம் ஒருமுறை பறந்து கடப்பதற்கு அந்தப் பெயர். திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வாங்குவதும் பாதுகாப்புத் திட்டம் போடுவதும் என் தொழில் என்பதால், இந்த ஆசையோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

கேட்பது கஷ்டமில்லை. டிடி 2535 என்று ஒரு படிவம். விமானப்படையானாலும் கடற்படையானாலும் அதேதான். ஆனால் அதில் விமானத்தைவிட உங்கள் விழாவைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள். யார் நடத்துகிறீர்கள், எல்லோரும் வரலாமா, டிக்கெட் உண்டா, வசூல் யாருக்கு, அரசியலோ மதமோ கலந்திருக்கிறதா? ஒரு குழுவுக்கு மட்டும் பயன்படும் விழாவுக்கு ராணுவம் துணை நிற்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. விமானக் கண்காட்சி, விமான நிலைய விழா, மெமோரியல் டே (உயிர்நீத்த படைவீரர் நினைவு நாள்), ஜூலை 4 சுதந்திர தினம், வெட்டரன்ஸ் டே (முன்னாள் படைவீரர் நாள்) போன்றவற்றுக்கு வழி சுலபம். சங்கத்தின் வெள்ளி விழாவுக்கு இல்லை. தம்பியிடம் அதைச் சொன்னதும், "அப்போ கால்பந்து மேட்ச்சுக்கு மட்டும் எப்படி வருது?" என்றார். அங்கே பல்லாயிரம் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ராணுவத்துக்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

படிவத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டால் விமானம் வந்துவிட்டதாக நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒப்புதல் என்பது உங்கள் விழாவுக்குத் தகுதி இருக்கிறது என்பது மட்டுமே. அதன்பின் ஏதாவது ஒரு படைப்பிரிவு தன் பயிற்சி நேரத்திலிருந்து ஒதுக்கி வர முன்வர வேண்டும். பயிற்சிக் கணக்கில் பறப்பதால்தான் ஒருமுறை கடந்து போவதற்கு உங்களிடம் காசு வாங்குவதில்லை. (தண்டர்பேர்ட்ஸ், ப்ளூ ஏஞ்சல்ஸ் மாதிரி சாகசக் குழுக்கள் வேறு கதை. அங்கே தங்குமிடம், வண்டி என்று செலவு உங்கள் தலையில் விழும்.) வானிலை கெட்டாலோ வேறு பணி வந்தாலோ கடைசி நிமிடத்தில்கூட ரத்தாகும். 2013இல் பட்ஜெட் வெட்டு வந்தபோது ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க இவற்றை நிறுத்தியே விட்டார்கள். அதனால் நோட்டீஸில் விமானப் படத்தைப் போடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்வேன். கேட்கிறவர்கள் குறைவு.

அப்புறம் எஃப்ஏஏ. விமான நிலையத்துக்கு வெளியே உள்ள இடமென்றால் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். கூட்டமும் கட்டடமும் உள்ள பகுதியில், சுற்றி 2000 அடிக்குள் இருக்கும் மிக உயரமான பொருளுக்கு மேலே 1000 அடி இடைவெளி என்பது பொது விதி. செல்போன் கோபுரம், கிரேன், விளக்குக் கம்பம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 2010 நவம்பரில் அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் ஸ்டேடியத்தில் நான்கு டி-38 பயிற்சி ஜெட் விமானங்கள் பத்திரிகையாளர் மாடத்துக்கு மேலே வெறும் 16 அடியில் போயின. அப்புறம் விமானப்படை விசாரணை நடத்தியது.

நேரக் கணக்கு இன்னொரு தலைவலி. தேசிய கீதத்தின் கடைசி வரியில் விமானம் தலைக்கு மேல் வந்தாக வேண்டும். 300 நாட் வேகத்தில் வரும் விமானம் நொடிக்குச் சுமார் 150 மீட்டர் கடக்கும். பாடகர் உணர்ச்சிவசப்பட்டு 10 நொடி இழுத்தால் ஒன்றரை கிலோமீட்டர் கணக்கு தவறிப்போகும். அதனால் ஒத்திகையில் பாட்டை ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்போம். விழா நேரத்தில் தரையில் ஒருவர் ரேடியோவோடு நின்று விமானியிடம் பேசிக்கொண்டே இருப்பார். கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தைக் கோட்டை விட்டவர்களும் உண்டு. 2011இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி அன்று டெக்சாஸில் கடற்படை விமானங்கள் நேரத்துக்கு வந்து போயின. ஸ்டேடியத்தின் கூரை மூடியிருந்தது.

யாருக்குத் தகவல் சொன்னோம் என்பதில்தான் என் அனுபவத்தில் அதிகம் சறுக்குகிறார்கள். 2022 ஏப்ரல் 20 மாலை வாஷிங்டனில் பேஸ்பால் மைதானத்தில் குதிப்பதற்காக ராணுவ பாராசூட் குழுவை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் சுற்றியது. நாடாளுமன்றக் காவல்துறைக்கு முன்கூட்டித் தகவல் போகவில்லை. என்ன விமானமோ என்று அஞ்சி நாடாளுமன்ற வளாகத்தையே காலி செய்தார்கள். படிவம், அனுமதி எல்லாம் இருந்தும் சொல்ல வேண்டிய ஓர் இடம் விட்டுப்போனது.

காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் குதிரைப் பண்ணைக்கும் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கு விட்டுப்போனது வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு வெட்டரன்ஸ் டே அணிவகுப்பு. விமானம் சரியான நொடியில் வந்தது, எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம். மறுநாள் ஒரு பெண் அழைத்தார், யாழ்ப்பாணத் தமிழ். "அண்ணை, அம்மா மேசைக்குக் கீழ போய் இருந்திட்டா. கிபிர் வந்திட்டுது, பங்கருக்கு ஓடுங்கோ எண்டு கத்துறா." இலங்கை விமானப்படை 1996இல் கொண்டுவந்த கிபிர் ஜெட்களின் சத்தத்தை வன்னியில் கேட்டவர்களுக்கு, தாழப் பறக்கும் எந்தப் போர் விமானமும் கிபிர்தான். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு நான் அனுப்பிய கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அடுத்த முறை நேரத்தை மட்டும் சொல்லுங்கோ என்றார். இப்போது சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த மொழிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அத்தனை மொழியிலும் கடிதம் போகிறது. தமிழில் இரண்டே வரி: "செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 2 நிமிடத்துக்குப் பெரிய விமானச் சத்தம் கேட்கும். அது விழாவுக்கு வருகிற விமானம், ஒருமுறைதான் போகும்."