பரோலில் வந்தவர் வீட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போகிறவர்களுக்கு

தண்டனைக் கைதிகளின் குடும்பங்களோடு சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். பரோல் நாட்களைப் பற்றிப் பதிவு செய்யத் தொடங்கியபோது நாங்கள் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேள்வித்தாளில் 42 கேள்விகள் இருந்தன. பரோலில் சில நாட்களுக்கு மட்டும் வந்திருந்த ஒருவர், பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆனது. அவருடைய குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து, நாங்கள் எப்போது எழுந்து போவோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தது. கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது.

தமிழ்நாட்டில் எல்லோரும் பரோல் என்றுதான் சொல்கிறோம். 1982-ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் அதற்குப் பெயர் விடுப்பு. நெருங்கிய சொந்தத்தில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. இன்னொன்று சாதாரண விடுப்பு. எத்தனை பேர் பரோலில் போனார்கள், எத்தனை பேர் திரும்பாமல் தப்பினார்கள் என்ற கணக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் கிடைக்கும். ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போய்வர எவ்வளவு செலவானது, ஜாமீன்தாரர் கிடைக்க யார் யாரிடம் கெஞ்சினார்கள், போலீஸ் வழிக்காவலோடு வந்து இறங்கியவரைப் பார்த்து எந்த வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்பதெல்லாம் அதில் வராது. இந்தப் பதிவு வேண்டும் என்று நான் இன்னமும் நம்புவது அதனால்தான்.

அப்புறம் கேள்விகளைத் திருத்தும் வேலையை, தண்டனை முடிந்து வெளியே வந்த சிலரிடமும் கைதிகளின் மனைவிமார் சிலரிடமும் ஒப்படைத்தோம். பாதிக்கு மேல் அடித்துவிட்டார்கள். "வேலை தேடினீர்களா?" என்று கேட்டிருந்தோம். நாலு நாள் விடுப்பில் வந்தவர் எந்த வேலையைத் தேடுவார்? ஒரு பெண் புதிதாக ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார்: "அவர் திரும்பிப் போகிற அன்று காலையில் வீட்டில் யார் சாப்பிட்டீர்கள்?" எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்காது.

அவர்கள் முதல் வேலையாக அடித்த கேள்வி, "விடுப்பின் நிபந்தனைகளை மீறினீர்களா?" அதற்கு ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தத் தாள் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் அதிகாரம் தருகிறது. வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, நம்மிடம் சொல்வதற்கு அது கிடையாது. நம் கையில் இல்லாத தாளை யாரும் கேட்டு வாங்க முடியாது. அதனால் அந்தப் பேச்சு வந்தாலே பேனாவை மூடிவிடுகிறோம். குரல் பதிவும் செய்வதில்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரு தாலுகாவில் ஒரு மாதத்தில் விடுப்பில் வந்தவர் ஒரே ஒருவராக இருக்கலாம். ஊர், சிறை, தேதி, என்ன காரணத்துக்கு வந்தார் என்பதில் இரண்டு சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும்.

சம்மதம் இன்னும் சிக்கலானது. கைதிகளை எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களாகக் கருத வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அது சுகாதார ஆய்வுகளுக்கானது என்றாலும் நமக்கும் பொருந்தும். அடுத்த விடுப்புக்கு அறிக்கை எழுதப்போகிற நன்னடத்தை அலுவலரோ, காவலரோ உங்களைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தால், அந்த மனிதர் வேறு என்ன சொல்வார்? "சரி" என்றுதான் சொல்வார். அதனால் வீட்டார் மூலமாகத்தான் கேட்கிறோம். வந்த அன்று கேட்பதில்லை. போனை எடுக்கவில்லை என்றால் மறுபடி கூப்பிடுவதும் இல்லை. முடிந்தவரை, அவர் திரும்பிப் போன பிறகு வீட்டாரிடம் பேசுகிறோம்.

எழுதியதை வெளியே கொடுக்கும் முன் சொன்னவர்களிடமே படித்துக் காட்டுகிறோம். போன முறை ஒரு பெண், தான் சொன்ன ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார். அறிக்கை முழுவதிலும் கனமான வரி அதுதான். எடுத்துவிட்டோம். அது என்ன என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.