களைக்கொல்லி புல்லை மட்டும்தான் கொல்லுமா?

இந்த ஐப்பசியிலும் அதே கதைதான். தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில், மழை பெய்த மூன்றாம் நாள் விடியக்காலையில் கட்லாவும் ரோகுவும் மிதக்க, குத்தகைக்காரர் சாக்கில் மீனைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "சீக்கு வந்துருச்சு சார், மருந்து எழுதிக் கொடுங்க" என்கிறார். மேல வயல்களில் களைக்கொல்லி அடித்தார்களா என்றால், "அது புல்லுக்கு அடிக்கிறது, மீனை என்ன செய்யும்? பூச்சிமருந்துதானே கொல்லும்!"

ஐயா, களைக்கொல்லி மீனைத் தொடாமலேயே கொல்லும். பகலில் கண்மாய்த் தண்ணீருக்கு ஆக்சிஜன் தருவது பாசியும் நீர்ச்செடியும்தான். வடிந்து வரும் மருந்து அவற்றைக் கருக்கிவிட்டால் ஆக்சிஜன் வரத்து நின்றுபோகிறது, அழுகும் செடி மிச்ச ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய் விடியும்போது அடிமட்டத்துக்கு வரும், பெரிய மீனுக்கோ அது அதிகம் வேண்டும். சாவு விடியக்காலையில் வருவதும், பெரிய மீன் முதலில் போவதும் இதனால்தான். (நேரடி நஞ்சென்றால் பெரும்பாலும் குஞ்சுதான் முந்தும்.) "விரால் நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், மற்றவை சாக அது மட்டும் பிழைத்திருப்பது, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கலாம் என்பதற்கு ஒரு சாட்சி.

நேரடி நஞ்சும் உண்டு. நெல்லுக்கு அடிக்கும் பியூட்டாகுளோர் மீனுக்கு ஆகவே ஆகாது. கிளைபோசேட் கலவை சிலவற்றில், இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருள் அந்த மருந்தைவிடக் கடுமையாகச் செவுளைத் தாக்கும். 2,4-டி என்ற களைக்கொல்லி அமைன் உப்பு, எஸ்டர் என்ற வகைகளில் வரும்; மீனுக்கு அமைன் உப்பைவிட எஸ்டர் வகை மோசம். சாகாமல் தப்பிய மீனும் செவுள் கெட்டு, தீனி எடுக்காமல், எடை போடாமல் கிடக்கும்.

நம் பக்கம் மழையை நம்பித்தான் விதைப்பு, அதே மழையில்தான் கண்மாயில் குஞ்சும் விடுகிறோம். மழை வரும்போல இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள். அடித்தபின் மூன்று நாளாவது, வயல் தண்ணீர் வெளியேறும் வாமடையை அடைத்து வையுங்கள், களையும் ஒழுங்காகச் சாகும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் ஓரம் கையால் களை எடுங்கள். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட விடாத ஊர்க்காரர்கள், மருந்து டேங்கைக் கண்மாயில் கழுவுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

தயவுசெய்து மிதந்த மீனைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். சீக்கு என்று நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொட்டாதீர்கள். அழுகிய மீனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சாகக் கிடக்கும் மீனை ஐஸில் வைத்து, கண்மாய்த் தண்ணீரைச் சுத்தமான கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுவாருங்கள். மேல வயலில் கிடக்கும் காலி மருந்து டப்பாவைக் கையுறை போட்டு எடுத்து, தனிப் பையில் கட்டிக் கூடவே கொண்டுவாருங்கள்.