தெம்ப்லும்: கோயில் அன்று, வரைப்பு

ரோமானியரைப் பற்றியும் அவர்களுக்கு முன்பே இத்தாலியில் தழைத்திருந்த எத்ருஸ்கரைப் பற்றியும் தமிழில் வெளிவரும் எழுத்துகளில், செனட் சபை கோயிலில் கூடித் தீர்மானம் இயற்றியது என்றும், பறவைக்குறி பார்ப்பவர் வானத்தில் ஒரு கோயிலை அமைத்துக்கொண்டார் என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. வானத்தில் கோயில் எப்படி அமையும், சட்டம் பேசும் சபை ஏன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்கும் வாசகருக்கு அந்த எழுத்துகளில் விடை கிடைப்பதில்லை. இக்குழப்பத்துக்குக் காரணம் ரோமானியரின் சமயமன்று. தெம்ப்லும் என்ற இலத்தீன் சொல்லைக் கண்ட இடமெல்லாம் கோயில் என்று பெயர்த்துவிடும் பழக்கமே காரணம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வெட்டுதல் என்னும் பொருளுள்ள பழைய வேரிலிருந்து தெம்ப்லும் வந்தது என்பர் ஒரு சாரார். தெய்வத்துக்கென ஒதுக்கிய நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான தெமெனொஸ் அவ்வேரிலிருந்து வந்ததே. நீட்டுதல், இழுத்துக் கட்டுதல் என்னும் பொருளுள்ள வேரைக் காட்டுவர் மறுசாரார். எது சரியாயினும், கல்லும் மரமும் கூரையும் அச்சொல்லின் பிறப்பில் இல்லை. ஓர் இடம் மற்ற இடங்களிலிருந்து கோடிட்டுப் பிரிக்கப்படுகிறது என்பதே அதன் முதற்பொருள்.

கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வர்ரோ தெம்ப்லும் மூவகைப்படும் என்கிறார்: இயல்பாக அமைந்தது வானத்தில், குறி பார்த்து அமைப்பது நிலத்தில், ஒப்புமையால் சொல்லப்படுவது நிலத்தின் அடியில். நிலத்தில் அமைப்பவர் அவுகுர் எனப்படும் புள்நிமித்தர். அவர் ஓர் இடத்தில் நின்று, கண்ணுக்கு எட்டும் மரங்களை எல்லையாகக் குறிப்பிட்டு, மரபான சொற்களை உரிய முறையில் வாய்விட்டுச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அவ்வெல்லைக்கு உட்பட்டது தெம்ப்லும் ஆகிவிடுகிறது. ரோமின் இரண்டாம் அரசன் எனப்படும் நூமாவை அரசனாக அமர்த்தும்போது நடந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் சடங்கிலும் இதுவே காணப்படுகிறது. அங்கே நிமித்தர் தலையை மூடிக்கொண்டு, கணுவில்லாத வளைகோலை வலக்கையில் ஏந்தி, வானத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகப் பகுத்து, தெற்கை வலம் என்றும் வடக்கை இடம் என்றும் அறிவித்து, எதிரே பார்வை சென்று முடியும் இடத்தில் ஓர் அடையாளத்தை மனத்தில் இருத்திக்கொள்கிறார். அதன்பின் அந்த எல்லைக்குள் தோன்றும் குறிக்கு மட்டுமே பொருள் உண்டு.

இந்த வகுப்பு முறையில் எத்ருஸ்கரின் கை நெடியது. அவர்கள் வானத்தைப் பதினாறாகப் பிரித்தனர் என்று ரோமானிய அரசியலாளரும் எழுத்தாளருமான சிசரோ எழுதுகிறார். நான்கு திசைகளை இரட்டித்து எட்டாக்கி, எட்டை மீண்டும் இரட்டித்தனர். 1877இல் பியாசென்சா அருகே ஓர் உழவர் கண்டெடுத்த வெண்கல ஈரலின் விளிம்பிலும் இதே பதினாறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தெய்வப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பலியிட்ட ஆட்டின் ஈரலை வானத்தின் படியாகக் கொண்டு படித்த கலைக்குரிய கருவி அது. இங்கே கோயில் எங்கே இருக்கிறது? கட்டங்கள் இருக்கின்றன, எல்லைக்கோடுகள் இருக்கின்றன, திசைகள் இருக்கின்றன; கட்டடம் இல்லை.

கட்டடமே இல்லாத தெம்ப்லும் மண்ணிலும் அகப்பட்டிருக்கிறது. தென்னித்தாலியின் பழைய பாந்தியா நகரில், 1960களில், வரிசையாக நட்ட ஒன்பது சிறு கற்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. பறவைக்குறி இன்ன திசையில் நல்லது, இன்ன திசையில் தீயது என்பதைக் காட்டும் இலத்தீன் சுருக்கெழுத்துகளும் தெய்வப் பெயர்களும் அவற்றின் தலையில் வெட்டப்பட்டுள்ளன. சுவரும் கூரையும் இல்லாத அந்தத் திறந்த தரையில் நட்ட ஒன்பது கற்களைக் கோயில் என்று எழுதினால், அங்கே செல்லும் தமிழர் கருவறையைத் தேடுவார்.

இலத்தீனில் கோயிலுக்கு வேறு சொல் இருக்கிறது. ஏதெஸ் என்பது அச்சொல். வீடு என்பதே அதன் பொருள், தெய்வத்தோடு சேரும்போது தெய்வத்தின் வீடு. கோவின் இல்லம் என்ற பொருளில் அமைந்த நம் கோயிலுக்கு இதைவிடப் பொருத்தமான இணை எந்த மொழியிலும் கிடைக்காது. எத்ருஸ்கரின் வேயி நகரத்துப் போர்த்தொனாச்சியோவில் 1916இல் கிடைத்த சுடுமண் அப்பல்லோ நின்ற கட்டடம் கோயில். நீளம் ஆறு பங்கும் அகலம் ஐந்து பங்கும் இருக்க வேண்டும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இலக்கணம் வகுக்கும் எத்ருஸ்கக் கட்டடமும் கோயில். ஆகவே கோயில் என்ற சொல் மேல் எனக்கு வழக்கில்லை. அது ஏதெஸுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும் என்பதே என் வாதம்.

கோயில் வேண்டாம் என்று உணர்ந்த சிலர் அதற்கு மாற்றாகப் புனித வெளி என்று எழுதத் தொடங்கியிருக்கின்றனர். இதைக் கோயிலைவிடத் தீங்கான பெயர்ப்பு என்பேன், ஏனெனில் கோயில் வடிவத்தில்தான் தவறுகிறது. புனித வெளியோ கருத்தையே தலைகீழாக்குகிறது. ரோமானியச் சமயச் சட்டத்தில் நிமித்தர் எல்லை வகுப்பது ஒரு செயல், தெய்வத்துக்கு உடைமையாக ஒப்படைப்பது வேறொரு செயல். முதற்செயலால் ஓர் இடம் தெம்ப்லும் ஆகும், ஆனால் தெய்வத்தின் சொத்து ஆகாது. இரண்டாம் செயலால் ஓர் இடம் தெய்வத்துக்கு உரியதாகும், ஆனால் தானாகவே தெம்ப்லும் ஆகிவிடாது. செனட் கூடிய ஹொஸ்தீலியா, பொம்பேயா, யூலியா ஆகிய மன்றங்கள் தெய்வத்துக்கு உரியவையாக இல்லாததால்தான், அங்கே இயற்றும் தீர்மானம் முன்னோர் வழக்கப்படி செல்லுபடியாகும் பொருட்டு நிமித்தர்கள் அவற்றைத் தெம்ப்லும் ஆக்கினர் என்று வர்ரோவை மேற்கோள் காட்டிப் பிற்கால ரோமானிய எழுத்தாளர் கெல்லியுஸ் எழுதுகிறார். அதே இடத்தில் அவர் மறுபுறத்தையும் சொல்கிறார்: தெய்வங்களின் கோயில்கள் யாவும் தெம்ப்லும் அல்ல, வெஸ்தாவின் கோயில்கூட அன்று. ரோம் நகரின் அணையா நெருப்பு எரிந்த இடம் தெம்ப்லும் அன்று. அரசியல் வாதம் நடந்த மன்றமும், கி.மு. 338இல் ஆந்தியம் நகரத்தாரிடமிருந்து கைப்பற்றிய கப்பல்களின் அலகுகள் பொருத்தப்பட்ட சொற்பொழிவு மேடையும் தெம்ப்லும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த எவரும் தெம்ப்லும் என்பதைப் புனிதம் என்ற அடைமொழியோடு எழுத மாட்டார்.

எல்லையே இதன் உயிர் என்பதற்கு ரோமானியரே காட்டும் சான்றுகள் உண்டு. காப்பிதோலியக் குன்றில் யூபிதருக்குக் கோயில் எடுக்க நிலத்தை விடுவித்தபோது, அங்கிருந்த மற்றத் தெய்வங்களின் இடங்களைப் பறவைக்குறி பெயர்க்க இசைந்தது, எல்லைத் தெய்வமான தெர்மினுஸின் இடத்தை மட்டும் பெயர்க்க இசையவில்லை என்று லிவி சொல்கிறார். சொல்லால் கட்டியதைச் சொல்லாலும் குறியாலும்தான் அவிழ்க்க வேண்டும். கி.மு. 163இல், ரோமின் தலைமை ஆட்சியாளர் இருவருள் ஒருவரான கான்சல் திபெரியுஸ் கிராக்குஸ் நடத்திய தேர்தலில் குற்றம் உண்டு என்று எத்ருஸ்க நிமித்தர்கள் கூறினர். தஸ்கரும் (எத்ருஸ்கரும்) அயலாருமான உங்களுக்கு ரோமானியப் புள்நிமித்த முறை என்ன தெரியும் என்று அவர் சினந்து அவர்களை அனுப்பிவிட்டார். பின்னர் தம் மாகாணத்திலிருந்து அவரே கடிதம் எழுதி, குறி பார்ப்பதற்கான கூடாரத்தை அமைத்தபின் நகர எல்லையைக் கடந்து போய், திரும்பும்போது மீண்டும் குறி பார்க்க மறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அத்தேர்தலில் தேர்வான கி.மு. 162ஆம் ஆண்டின் கான்சல்கள் இருவரும் பதவி விலகினர். இதைச் சொல்பவர் சிசரோ. கோயில் என்றோ புனித வெளி என்றோ பெயர்த்தால், ஒருவர் ஒரு கோட்டைக் கடந்ததற்காக ஆட்சி மாறியது ஏன் என்று எந்தத் தமிழ் வாசகருக்கும் விளங்காது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? களம் என்ற சொல்லை முதலில் எண்ணிப் பார்த்தேன். வேலன் வெறியாடும் இடத்தை வெறியயர் களன் என்று திருமுருகாற்றுப்படை சொல்வதால் அதற்குச் சடங்கு மணம் உண்டு. ஆயினும் களம் தரையை விட்டு எழாது. வானத்தைப் பகுத்தபின் களம் என்றால் ஒட்டாது. வரைப்பு என்பதே பொருந்துகிறது. எல்லையிட்டுச் சூழப்பட்ட இடம் என்பது அதன் பொருள். கட்டடம் வேண்டும் என்றோ தெய்வம் வேண்டும் என்றோ அது கேட்பதில்லை. வண்புகழ் மூவர் தண்பொழில் வரைப்பின் என்று தொல்காப்பியம் ஒரு நாட்டையே வரைப்பு என்கிறது, ஆகவே அளவும் அதற்குத் தடையில்லை. வரைதல், வரையறுத்தல் என்று அதே வேரின் வினைகள் இன்றும் நம் வாயில் இருப்பதால், நிமித்தர் வானத்தை வரைந்தார், வரையறுத்தார் என்று வினையும் பெயரும் ஒன்றோடொன்று இசைய எழுதலாம். தெளிவு வேண்டிய இடத்தில் நிமித்த வரைப்பு என்று அடைகொடுக்கலாம். வழக்கில் இல்லாத சொல் என்பார் உண்டு. வரையறை வழக்கில் இருக்கும்வரை வரைப்பு எவருக்கும் அயலாகாது.

பழைய இத்தாலியின் மற்றொரு மொழியான உம்பிரியத்திலும் இச்சொல் கைகொடுக்கிறது. 1444இல் குப்பியோவில் கண்டெடுக்கப்பட்ட ஏழு வெண்கலப் பலகைகள், அத்தியேதியச் சகோதரர் என்னும் குருமார் குழுவின் சடங்குகளைச் சொல்கின்றன. சடங்கு பறவை பார்ப்பதில் தொடங்குகிறது. பார்க்கும் இடத்தின் எல்லை மூலைக்கு மூலை பெயர் சொல்லி ஓதப்படுகிறது. அங்கே வரும் வெர்ஃபாலே என்ற சொல்லை அறிஞர்கள் தெம்ப்லும் என்றே கொள்கின்றனர். தமிழில் அதுவும் வரைப்பே.

மற்றச் சொற்களை வரைப்பில் சேர்த்துவிடக் கூடாது. தெய்வத்துக்கு ஒதுக்கிய இடமான ஃபானும் என்பதற்குத் திருவிடம் போதும். எத்ருஸ்க மக்கள் ஆண்டுதோறும் கூடிய, வொல்தும்னா என்னும் தெய்வத்தின் ஃபானும் திருவிடம். நோலா, அபெல்லா என்னும் தென்னித்தாலிய நகரங்கள் தமக்கிடையே பொதுவாக வைத்துக்கொண்ட, ஹெர்குலிஸுக்குரிய இடத்தை அவ்வட்டார மொழியான ஓஸ்கத்தில் உள்ள கல்வெட்டு சகரக்லூம் என்கிறது, அதுவும் திருவிடம். 1964இல் எத்ருஸ்கத் துறைமுகமான பிர்கியில் கிடைத்த பொற்றகடுகளில் பொயினீசியப் பகுதி புனித இடம் என்று சொல்லும் தொடருக்கு எதிரே எத்ருஸ்கத்தில் வரும் த்மியாவையும் அவ்வாறே எழுதலாம். பெரோனியா, ஆங்கித்தியா என்னும் பெண் தெய்வங்களுக்கு உரிய லூக்குஸ், தெய்வம் உறையும் சோலை. அதற்குக் காவு என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. கூரையில்லாத சிறு பலியிடமான சக்கெல்லும் என்பதற்குப் பலிமுற்றம் என்பேன்.

இவை அனைத்துக்கும் சேர்த்துச் சரணாலயம் என்று எழுதுவது இப்போது பரவிவரும் இன்னொரு கேடு. ஆங்கிலத்தில் ஒரே சொல் வழிபாட்டிடத்தையும் அடைக்கலத்தையும் விலங்குக் காப்பிடத்தையும் குறிப்பதால், மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொள்கிறார். பறவைக்குறி பற்றிய கட்டுரையில் சரணாலயம் என்று வந்தால் வாசகர் வேடந்தாங்கலைத்தான் நினைப்பார். இலத்தீனை ஆங்கிலத்தின் வழியாக மட்டும் பார்க்கும் பழக்கம் இருக்கும்வரை இத்தகைய பெயர்ப்புகள் குறையா. ரோமில் சரணாலயம் என்று சொல்லத்தக்க இடமும் ஒன்று இருந்தது. தப்பி வந்தோர்க்கு ரோமுலுஸ் திறந்துவிட்டதாகச் சொல்லப்படும் அடைக்கலம் அது. காப்பிதோலியக் குன்றில் இரு காவுகளுக்கு நடுவே இருந்தது. சரணாலயத்தை அதற்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் ஐயத்துக்கு மட்டும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. வரைப்புக்குள் பெரும்பாலும் கோயில் எழுந்ததால், இலத்தீனிலேயே காலப்போக்கில் தெம்ப்லும் கட்டடத்தையும் குறிக்கத் தொடங்கியது. கவிஞர்கள் அப்பொருளில் தாராளமாக ஆள்கின்றனர். அவ்விடங்களில் கோயில் என்று பெயர்ப்பதில் தவறில்லை. ஆனால் யூபிதர் ஸ்தாதோருக்கு ரோமுலுஸ் நேர்ந்துகொண்டதைப் பற்றி லிவி, கி.மு. 294ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே, அதுவரை அங்கே இருந்தது ஃபானும் மட்டுமே, அதாவது தெம்ப்லுமுக்கென்று சொல்லால் வகுக்கப்பட்ட இடம் மட்டுமே என்று விளக்கம் தருகிறார். அந்த வாக்கியத்தைப் பெயர்ப்பவர் திருவிடம் என்றும் வரைப்பு என்றும் இரு சொற்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்; இரண்டையும் கோயில் என்று எழுதினால் லிவி விளக்கியது ஒன்றுமே இல்லாமற்போகும்.