மலை தானே உண்டாக்கும் வானிலை

குளிர்காலத்தில் விடிந்ததும் மலையேறக் கிளம்புகிறவருக்கு முதலில் கிடைப்பதே ஒரு தப்பான தகவல்தான். அடிவாரத்தில் விரல் விறைக்கிறது, புல் நுனியெல்லாம் உறைபனி. 300 மீட்டர் ஏறியதும் மூடுபனிக்கு மேலே தலை வெளியே வருகிறது. வெயில், நீல வானம், கீழே இருந்ததைவிடச் சில டிகிரி கூடுதல் வெப்பம். இனி மேலே போகப் போக இதமாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லிவிடும். துணை யாரும் இல்லாமல் நடக்கும்போது அதை மறுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

நடந்தது இதுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. நாம் கிளம்பியது அந்தக் குளிர்க் குளத்தின் அடியிலிருந்து. கரையேறியதும் கொஞ்சம் சூடு தெரிகிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் வழக்கமான கணக்கு தொடங்கிவிடும்: சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

உயரே போனால் ஏன் குளிர்கிறது? டயர் வால்வைத் திறந்துவிட்டு, சீறி வரும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். அடைபட்டிருந்த காற்று விரியும்போது தன் வெப்ப ஆற்றலைச் செலவழிக்கிறது. மலைச்சரிவில் ஏறும் காற்றுக்கும் இதே கதைதான். மேலே அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது, குளிர்கிறது. உலர்ந்த காற்று 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 9.8 டிகிரி இழக்கும். குளிரக் குளிர, அதிலுள்ள நீராவி ஒரு கட்டத்தில் துளிகளாகிறது. நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பதால், அதன்பின் குளிரும் வேகம் குறைந்துவிடுகிறது.

அந்தத் துளிகள்தான் மேகம். சமவெளியில் மேகம் எங்கிருந்தோ வந்து சேரும். மலையிலோ, ஈரக் காற்று சரிவில் மோதி வேறு வழியில்லாமல் மேலேறும்போது, நம் கண்ணெதிரேயே மேகம் பிறக்கிறது. வெறும் வானமாக இருந்த முகடு அரை மணி நேரத்தில் காணாமல் போவதன் காரணம் இதுதான். அடிவார ஊருக்குச் சொன்ன வானிலை அறிக்கையை மட்டும் நம்பி உச்சிக்குப் போகக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதும் இதனால்தான்.

முன்னறிகுறிகள் உண்டு. முகட்டுக்கு அருகே லென்ஸ் வடிவத்தில் ஒரு மேகம் அசையாமல் நின்றால், காற்று அமைதியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஓடையில் கல்லுக்குப் பின்னே எழும் அலை ஒரே இடத்தில் நிற்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதேபோல் அந்த மேகத்துக்குள் பலத்த காற்று பாய்கிறது. ஒரு விளிம்பில் துளிகள் உருவாகின்றன, மறு விளிம்பில் ஆவியாகின்றன. இன்னொரு அறிகுறி கைக்கடிகாரத்தில் இருக்கிறது. உயரத்தைக் காட்டும் பல கடிகாரங்கள் உண்மையில் அளப்பது காற்றழுத்தத்தை. ஏறும்போது 1,850 மீட்டர் என்று காட்டிய பாறையிலேயே மூன்று மணி நேரம் கழித்து 1,880 என்று காட்டினால், பாறை உயரவில்லை, அழுத்தம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முகட்டிலும் கணவாயிலும் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். நம் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப்படலம் உண்டு, காற்று அதை உரித்துக்கொண்டு போய்விடுகிறது. பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவில் 1940-களில் ஓர் உருளையில் தண்ணீரை வைத்து, காற்றில் அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். காற்றுக் குளிர்ச்சிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கியது. இப்போதைய கணக்கின்படி −10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த முகத்துக்கு அது −20 போல.

ஆனால் என் பார்வையில் காற்றைவிடப் பெரிய ஆபத்து நம் முதுகில் இருக்கிறது: வியர்வை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் சுமார் 100 வாட் வெப்பம் தரும். செங்குத்தான ஏற்றத்தில் அது பல மடங்காகும். பையின் பட்டைக்கு அடியில் சட்டை நனைகிறது, நடக்கும்வரை அது தெரிவதில்லை. முகட்டில் படம் எடுக்க நின்றால், ஐந்து நிமிடத்தில் அந்த இடம் ஐஸ் வைத்தாற்போல் ஆகிவிடும். நீர், காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். சட்டையிலுள்ள வெறும் 100 கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 240 கிலோஜூல் வேண்டும். ஓய்விலிருக்கும் உடல் 40 நிமிடம் உண்டாக்கும் மொத்த வெப்பம் அது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். அதனால் ஏறத் தொடங்குமுன்பே, லேசாகக் குளிரும்போதே, ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள். நின்றதும், குளிருமுன் போட்டுக்கொள்ளுங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. தனியாகப் போகிறவருக்கு இதில்தான் பெரிய சிக்கல். குளிர் முதலில் கலைப்பது கைவேலையையும் யோசனையையும். கூட ஒருவர் இருந்தால் பேச்சு குழறுவதையும் கால் தடுமாறுவதையும் கவனித்துச் சொல்வார். தனியே இருக்கையில், நிலைமையை எடைபோட வேண்டிய மூளையே குளிர்ந்துகொண்டிருக்கிறது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே, தெளிவாக இருக்கும்போதே முடிவுசெய்து, கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அப்புறம் ஒரு எளிய சோதனை. கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் ஈர உடையை மாற்றி, எதையாவது சாப்பிட்டு, உடனே இறங்கத் தொடங்குங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும்.