ஒரு மரத்துக்கு 14 பச்சை எதற்கு?

கேமுக்கு வாக்ஸெல் மாடல் (சின்னச் சின்னக் கனசதுரங்களை அடுக்கிச் செய்யும் 3D உருவம்) செய்யப் புதிதாக வருகிறவர்கள் கோப்பு அனுப்பினால், நான் மாடலுக்கு முன்னால் பேலட்டை, அதாவது அதன் நிறப் பட்டியலைத்தான் பார்ப்பேன். இந்த மாடல்களைச் செய்யும் மேஜிக்காவாக்ஸெல் மென்பொருளில் 255 நிறம் வரை வைத்துக்கொள்ளலாம். இடம் இருக்கிறதே என்று முக்கால்வாசியை நிரப்பியிருப்பார்கள். ஒரு மரத்துக்கே 14 பச்சை!

இது, கட்டம் கட்டமாக 2Dயில் வரையும் பிக்ஸல் ஆர்ட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். அங்கே நிழலை நாமேதான் வரைய வேண்டும், அதனால் ஒரு பச்சைக்கு மூன்று நான்கு ஷேட் தேவைப்படும். வாக்ஸெலில் அந்த வேலையை லைட்டே பார்த்துக்கொள்கிறது. ஒரே ஒரு பச்சைக் கட்டியை வைத்து, மேலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டுப் பாருங்கள். மேல்முகம் பளிச்சென்று இருக்கும், ஒரு பக்கம் சற்றுக் குறைவாக, இன்னொரு பக்கம் மங்கலாக. பேலட்டில் ஒன்று, திரையில் மூன்று. இதற்கு மேல் கையாலும் நிழல் அடித்தால் மாடல் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

நானும் இதைச் செய்தவன்தான். புல்தரை இயல்பாகத் தெரியட்டும் என்று ஐந்து பச்சையைக் கலந்து தூவினேன். கேமைப் போனில் ஓட்டியதும் திணறியது. 3D முகங்களை முக்கோணங்களாகப் பிரித்துத்தான் போன் வரைகிறது; முக்கோணம் கூடினால் வேலையும் கூடும். 16க்கு 16 தரை ஒரே நிறமென்றால், 256 மேல்முகங்களையும் ஒன்றாக இணைத்து 2 முக்கோணத்தில் முடித்துவிடலாம். ஆனால் முகங்களை இணைக்கும் என் கோட் ஒரே நிற முகங்களை மட்டுமே இணைக்கும். கட்டத்துக்குக் கட்டம் நிறம் மாறினால் அது 512 முக்கோணம். போதாக்குறைக்கு, பச்சை நிற எதிரி அந்தப் புல்லில் காணாமலே போய்விட்டான்.

இப்போதெல்லாம் 12 நிறத்தில் தொடங்குகிறேன். முதலில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன். தரை, வீரன், ஆபத்து மூன்றும் அப்போதும் பிரிந்து தெரிய வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இது உதவும். அப்புறம், ஆரஞ்சைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். எடுக்க வேண்டிய பொருளைத் தவிர வேறெதற்கும் அது கிடையாது, சூரியன் மறையும் காட்சிக்கும்கூட.

ஒரு விஷயத்தில் மட்டும் தாராளமாக இருக்கலாம். கோப்பில் ஒவ்வொரு வாக்ஸெலும் நிறத்தை வைத்திருப்பதில்லை, பேலட் எண்ணைத்தான் வைத்திருக்கும். எண்ணுக்குரிய நிறத்தை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் அத்தனையும் மாறும். கதவும் மரத்தண்டும் ஒரே எண்ணில் இருந்தால், கதவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க முடியாது. அதனால் கதவுக்கு, அதே பழுப்பிலேயே என்றாலும், பேலட்டில் தனி எண் கொடுத்துவிடுவேன்.